உடும்பு உண்ணிக்குப் பெயர் தேடியபோது

யாழ்ப்பாணத்துக் கொடிகாமப் பக்கம் றோட்டில் அடிபட்டுச் செத்துக் கிடந்த உடும்பில் இருந்துதான் என் முதல் உண்ணிகளைச் சேர்த்தேன். அவசரத்தில் விரலால் பிடுங்கினேன். அத்தனையும் வாய்ப்பகுதி முறிந்து தோலிலேயே தங்கிவிட்டன. வாய் இல்லாத உண்ணியை வைத்து இனம் பிரிப்பது பெரும் கஷ்டம். அன்று உண்மையில் மனம் நொந்தது.

அடுத்த முறை கூர்ச் சாவணத்தால் செதிலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்தேன். முழுசாக வந்தது. 70% எதனோலில் போட்டு, இடமும் திகதியும் பென்சிலால் எழுதி உள்ளேயே வைத்தேன். பேனை மை கரைந்துவிடும்.

நுணுக்குக்காட்டியில் முதலில் குதவரிப்பள்ளத்தை, அதாவது அடிவயிற்றில் குதத்தையொட்டி வளையும் கோட்டுப் பள்ளத்தைப் பார்த்தேன். குதத்துக்குப் பின்னால் வளைந்திருந்தது, ஆகவே இக்சோடிஸ் என்ற உண்ணிச் சாதி இல்லை. வாயுறுப்பு நீளம், ஆகவே நாய் உண்ணியின் சாதியும் இல்லை. முதுகுத் தகடு முழு முதுகையும் மூடினால் ஆண், முன்பகுதியை மட்டும் மூடினால் பெண். சரி, ஆனால் கண்ணையே காணவில்லை! பழைய வகைப்பாட்டு நூல் இந்தக் கண்ணில்லாத உண்ணியை அபோனோமா என்ற சாதியில் வைத்தது, புதியது அம்பிலியோமா என்ற சாதியில் வைத்தது. இரண்டு நாள் குழம்பினேன். கண்ணில்லாத அபோனோமா இனங்களில் பெரும்பாலானவை பின்னாளில் அம்பிலியோமாவுக்குள் சேர்க்கப்பட்டன என்று தெரிந்த பிறகே தெளிந்தது. தகட்டில் உலோகம் போல மின்னிய புள்ளிகளையும் கால் உடலோடு சேரும் அடிக்கணுவின் முட்களையும் ஒப்பிட்டு, லேபிளில் ‘அம்பிலியோமா ஜெர்வைசி’ என்று எழுதினேன்.