மோட்டார் பஸ்ஸின் ஆரம்ப காலம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ்ஸும் ரயிலும் பிறவி எதிரிகள் என்று எழுதிவிடுகிறார்கள். 1920களின் போட்டியை 1903-க்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் பிழை இது. பிரிட்டனில் பல கிராமப்புறங்களில் மோட்டார் பஸ்ஸை முதலில் ஓட்டியதே ரயில்வேதான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில், அன்று ஹெல்ஸ்டன் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே கடலோர லிசார்ட் கிராமத்துக்கு ரயில் பாதை கேட்டார்கள். மதிப்பீடு 85,000 பவுண்டு. அவ்வளவு பணத்தைக் கொட்டாமல், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1903 ஆகஸ்ட் 17 அன்று மில்ன்ஸ்-டைம்லர் என்ற தயாரிப்பின் இரண்டு மோட்டார் பஸ்களை அந்தச் சாலையில் இறக்கியது. அவையும் பழைய வண்டிகள்தான். பக்கத்து மாவட்டமான டெவனில் இன்னொரு சிறு ரயில் பாதைக்குப் பயணிகளைக் கொண்டுவர ஓடியவை. மணிக்கு எட்டு மைல் வேகத்தைத் தாண்டியதாகப் போலீஸ் வழக்குப் போட்டதால் அங்கே நின்றுபோயிருந்தன.

வண்டி கண்டுபிடித்தாயிற்று, பிறகு சேவை தானாக வந்துவிடும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. 1895 மார்ச்சில் ஜெர்மனியின் சீகன், நெட்ஃபன், டாய்ட்ஸ் ஊர்களுக்கிடையே பென்ஸ் பஸ் ஓடத் தொடங்கியது. நடத்தியது உள்ளூரில் தொடங்கிய சிறு நிறுவனம். மேட்டில் வண்டி திணறும், ரிப்பேர் ஓயாது. அந்த ஆண்டு முடிவதற்குள் சேவையே நின்றுவிட்டது. இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோ போட்ட சக்கரம், குண்டும் குழியுமான மண் சாலை என்றிருந்த காலத்தில் வண்டி அடிக்கடி படுத்துக்கொள்ளத்தான் செய்யும். அதைத் தாங்க மெக்கானிக், பட்டறை, மாற்று வண்டி, நஷ்டத்தைப் பொறுக்கும் முதல் எல்லாம் வேண்டும். ரயில்வேயிடம் இவை ஏற்கெனவே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டேஷன் வாசலில் பெட்டி படுக்கையோடு இறங்கி நிற்கும் பயணிகள் இருந்தார்கள். ஆள் பிடிக்க அலைய வேண்டியதில்லை. ரயில் வரும் நேரத்துக்கு வண்டியை நிறுத்தினால் போதும்.

இதை லண்டனுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. அங்கே மோட்டாருக்கு மாறியவை பெரும்பாலும் குதிரை பஸ் கம்பெனிகள். அவர்களுக்கு நெரிசலான தெருக்களே பயணிகளைக் கொடுத்தன.

சட்டத்தை வைத்துத் தேதி சொல்வதிலும் கவனம் தேவை. சாலைப் போக்குவரத்து நடத்த பிரிட்டன் ரயில்வேக்களுக்குப் பரந்த அதிகாரம் தந்தது 1928 சட்டம். அதனால் அந்த ஆண்டில்தான் ரயில்வே பஸ் தொடங்கியது என்று எழுதினால் கால் நூற்றாண்டு விடுபட்டுப்போகும். சொல்லப்போனால், கிரேட் வெஸ்டர்ன் மறு ஆண்டே தன் கார்ன்வால் பஸ்களை வெஸ்டர்ன் நேஷனல் என்ற புதிய கம்பெனியிடம் ஒப்படைத்து, அதில் பாதிப் பங்கை வைத்துக்கொண்டது.