விக்டோரியா காலத்து வெள்ளி வத்திப்பெட்டி: எங்கே ஏமாறுகிறோம்?

கைக்கடக்கமான வெள்ளிப் பெட்டி, கீல் வைத்த மூடி, பக்கத்தில் ஒரு வளையம். பார்த்தவுடன் ‘வெஸ்டா கேஸ்’, அதாவது தீக்குச்சி வைக்கும் பெட்டி, என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பொடி டப்பியும் தபால்தலைப் பெட்டியும் ஏறக்குறைய இதே அளவில் வந்தன. விரலால் தடவிப் பாருங்கள்: பெரும்பாலும் அடியில், சிலவற்றில் விளிம்பில், அரம்போல வரிவரியாக உரசுபட்டை தட்டுப்பட வேண்டும்.

வெஸ்டா என்பது மெழுகில் தோய்த்த நூல்திரியில் செய்த தீக்குச்சி. 1832-இல் வில்லியம் நியூட்டன் காப்புரிமை பெற்றார். விளக்கு, அடுப்பு, சுருட்டு எல்லாவற்றுக்கும் நெருப்பு வேண்டிய அந்த நாளில் குச்சி எப்போதும் கையோடு இருக்க வேண்டும். ஆனால் எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். சட்டைப்பைக்குள் தானே உராய்ந்தாலும் ஆபத்துதான். அதனால்தான் உலோகப் பெட்டி, இறுகப் பிடிக்கும் மூடி. வளையம் கடிகாரச் சங்கிலியில் கோப்பதற்கு.

இன்றைய தீக்குச்சியை அந்தப் பட்டையில் உரசிப் பார்த்துவிட்டுப் ‘போலி’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நம் குச்சிக்குத் தேவையான சிவப்பு பாஸ்பரஸ் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. வெள்ளியில் உரசினால் பற்றாது. உள்ளே பழைய குச்சிகள் கிடந்தால் தொடவே வேண்டாம். அவற்றில் நச்சான வெள்ளை பாஸ்பரஸ் இருக்கலாம். பிரிட்டன் அதை 1908 சட்டத்தின் மூலம் தடைசெய்தது.

பணம் அதிகம் போவது வெள்ளியில் அடித்த முத்திரைகளைத் தவறாகப் படிப்பதில்தான். நங்கூரம் இருந்தால் கப்பல்காரர் பெட்டி என்று கதை சொல்வார்கள். அது வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் அடையாளம். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும். முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் எழுத்தை மட்டும் நம்பினாலும் சறுக்கும். பர்மிங்காமில் 1875-க்கும் ‘ஏ’, 1900-க்கும் ‘ஏ’. எழுத்தின் வடிவத்தோடு அரசியின் தலை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அது வரி கட்டியதற்கான குறி. 1890-இல் வரியோடு அதுவும் ஒழிந்தது. எனவே தலை இருந்தால் 1900 அல்ல. உடலில் முழு முத்திரை இருந்து மூடியில் சிங்கம்கூட இல்லையென்றால் மூடி மாற்றப்பட்டதோ என்று சந்தேகியுங்கள். கீலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், பழுதுபார்த்த ஈயப்பற்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வாங்கிய பிறகு செய்யும் பெரிய கெடுதல், பளபளக்கத் தேய்ப்பது. பற்பசை கீறிவிடும். வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினால் செதுக்கு வேலையின் பள்ளத்தில் இருக்கும் கருமையும் போய்ப் பூவேலை தட்டையாகத் தெரியும். எனாமல் படம் உள்ளதை எதிலும் ஊறவைக்கக் கூடாது. உள்பக்கத்துப் பொன்முலாம் குச்சியின் ரசாயனம் வெள்ளியை அரிக்காமல் இருக்கப் பூசியது; மிக மெல்லியது, தேய்த்தால் திரும்பாது. இளஞ்சூட்டு நீர், ஒரு சொட்டு மென்சோப்பு, பருத்தித் துணி போதும். கீலில் ஈரம் தங்காதபடி மூடியைத் திறந்துவைத்து உலர்த்துங்கள்.