பழைய கண்ணாடிச் சாமான்ல போன தங்கத்தையும் பூவையும் திரும்பக் கொண்டு வர்றது எப்படி

எங்க அம்மிச்சிக்குச் சீரா வந்த கண்ணாடி கூஜா கோபிச்செட்டிபாளையத்து வீட்டு அலமாரில இருந்துச்சுங்க, கழுத்துல தங்க வளையம், வயித்துல செவப்பு ரோசாப்பூ. பொங்கலுக்குச் சாமான் தேய்க்கறப்ப பித்தளையோட சேத்து அதுக்கும் புளி போட்டுத் தேச்சுப்போட்டேன், வளையத்துல பாதி நாருலயே வந்துருச்சு. அந்த மினுக்குத் தங்கம் ஒரு மைக்ரான்கூட கனமிருக்காதுங்க. அதனால புளி, எலுமிச்சை, வினிகர், விபூதி எதுவும் கிட்ட வரக்கூடாது.

மொதல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்து, காது சுத்தம் பண்ற பட்ஸை டிஸ்டில்டு வாட்டர்ல லேசா நனைச்சு, பூவோட ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒருக்கா உருட்டிப் பாருங்க. பஞ்சுல கலர் ஒட்டுச்சுன்னா அது சூளைல சுடாத பெயிண்ட், அதோட நிறுத்திக்கோங்க, கீழ சொல்ற அசிட்டோன் பட்டா மிச்சப் பூவும் கரைஞ்சிரும். ஒட்டலைன்னா அதே மாதிரி உருட்டி உருட்டி அழுக்கை எடுங்க, தேய்க்க வேண்டாம். திரும்பச் சூளைல வெச்சு சுடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பழைய கண்ணாடி விரிசல் உட்டுரும்.

இனி பேராலாய்டு பி-72, அதாவது அசிட்டோன்ல கரையற ஒரு அக்ரிலிக் பிசின், மணி மணியா வரும். 10 கிராம் மணியைத் துணில முடிஞ்சு, 90 மில்லி அசிட்டோன் இருக்கற கண்ணாடி பாட்டல்ல தொங்க உட்டு மூடி வெச்சா ராத்திரிக்குள்ள கரைஞ்சிரும். அடுப்புப் பக்கம் வேண்டாம், சட்டுனு தீப்பிடிக்கும். சன்னப் பிரஷ்ல, போன எடத்துல மட்டும் ஒரு பூச்சு, ஒரு நாள் காயட்டும். நாம செய்யறதெல்லாம் இது மேலதான் உக்காரும், அப்பத்தான் நாளைக்கு அசிட்டோன் தொட்டு அசல் தங்கத்துக்குச் சேதமில்லாம எடுக்க முடியும்.

பூவுக்கு அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணியா கலக்கி ரெண்டு மூணு தடவை குடுங்க, அசல் கலர் மேல ஏறக்கூடாது.

தங்கத்துக்கு லூஸ் தங்கரேக்கு கேட்டு வாங்குங்க, தஞ்சாவூர் படத்துக்கு ஒட்டற ஃபாயில் கனமா இருக்கும், அது வேண்டாம், பித்தளை ரேக்கு வாங்கினா கொஞ்ச நாள்ல கறுத்துரும். வாட்டர் பேஸ் கில்டிங் சைஸை, அதாவது ரேக்கு ஒட்டற பசையை, வளையம் விட்ட எடத்துல மட்டும் தடவிப்போட்டு, வெரல் மொளில தொட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டாம வெரலை மட்டும் சித்தே இழுக்கும், அதுதான் பதம். மெத்துனு இருக்கற பிரஷை கன்னத்துல ஒரு தடவ தடவுனா அந்த எண்ணெய்ப் பசைல ரேக்கு பிரஷோட ஒட்டிக்கிட்டு வரும், அப்படியே கொண்டு போய் உக்கார வைங்க, வெரல்ல தொட்டா சுருண்டு போயிரும். ஃபேன் ஆஃப்ல இருக்கணும், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற ஆனி ஆடில ஜன்னலையும் சாத்திப்போடுங்க. மறுநாள் பிரஷ்ல தட்டுனா ஒட்டாததெல்லாம் உதிந்துரும்.

இனி அதுல தண்ணி ஊத்திக் குடிக்காதீங்க, கழுவவும் வேண்டாம், பழைய பெயிண்ட்ல ஈயமும் இருக்கலாம். எந்தெந்த எடம் புதுசு, என்ன மருந்து போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி கூஜாவுக்குள்ளயே போட்டு வெச்சிருங்க.