அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதா? மூன்று நாள் நீர்க்கணக்கு எழுதும் முறை

"மணிக்கொரு தடவை ஒன்றுக்கு வருது, சுகரா இருக்குமோ?" என்று கேட்பவரிடம், "என்னென்ன குடிக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் குடிக்கிறதுதான்" என்பார். மதுரையில் அந்த 'எல்லாரும் குடிக்கிறதுக்குள்' காலைக் காபி, பதினோரு மணி டீ, நாலு மணி டீ, வெயிலுக்கு நன்னாரி சர்பத், ராத்திரி பருத்திப்பால் வரை அடங்கிவிடும். பலர் நேராகத் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம், சிறுநீர் கெட்டியானால் எரிச்சல்தான் மிச்சம். முதலில், எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு சிறுநீர் போனது என்று அளந்து ஒரு கணக்கு எழுதுங்கள். மருத்துவர்களும் இதைத்தான் எழுதி வரச் சொல்வார்கள். மூன்று நாள் போதும். அதில் ஒன்று வீட்டில் இருக்கும் நாளாக இருந்தால் நல்லது.

அளவுப் பாத்திரம்

சிறுநீரை அளக்க, காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால் கையைக் கிழிக்கும். குழந்தைகளின் பால்புட்டியில் மில்லி கோடு இருக்கும். அதில் 50 மில்லி தண்ணீர் அளந்து பாட்டிலில் ஊற்றி, மட்டம் நிற்கிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மறுபடி 50, மறுபடி கோடு. 500 வரை வந்தால் போதும். பாட்டில் வளைந்து நெளிந்து இருப்பதால் கோடுகள் சம இடைவெளியில் விழாது, ஸ்கேல் வைத்து இழுத்துவிடாதீர்கள். ஈரத்தில் அழியாமல் இருக்க, கோட்டின் மேலும் டேப். பெண்களுக்கு வாய் அகன்ற பிளாஸ்டிக் மக் வசதி. கோடு போடும் முறை அதேதான்.

வீட்டு டம்ளரையும் சொம்பையும் இதேபோல அளந்துவிடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும்.

நோட்டில் என்ன எழுதுவது

நாலு பத்தி: நேரம், குடித்தது, போனது, அவசரம். அவசரமே இல்லாமல் போனால் 0, சாதாரணமாக வந்தால் 1, ஓட வேண்டியிருந்தால் 2. ரசம், கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் குடித்த கணக்குதான். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதையும் விடாதீர்கள். ஜிகர்தண்டா சாப்பிட்டால் மறைக்காமல் எழுதுங்கள், நோட்டு யாரிடமும் சொல்லாது.

காலையில் எழுந்ததும் போவது முந்தின ராத்திரியின் கணக்கு. முதல் நாள் அதை எழுதிவிட்டு, அந்த நாளின் மொத்தத்தில் சேர்க்காமல் விடுங்கள்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

6.00 – போனது 350, அவசரம் 1
6.15 – காபி 150
7.00 – தண்ணீர் 300
8.10 – போனது 200, அவசரம் 1
10.45 – டீ 100
11.20 – போனது 110, அவசரம் 2
12.00 – பஸ் ஏறுமுன் போனது 60, அவசரம் 0

கடைசி வரியைப் பாருங்கள். வராமலேயே, 'எதற்கும் இருக்கட்டும்' என்று போனது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி ஏறுமுன் போவது நியாயம். ஊருக்குள்ளேயே இருக்கும் சிம்மக்கல் வரை போவதற்கும் இப்படிப் போய்க்கொண்டிருந்தால், கொஞ்சம் சேர்ந்தாலே சிறுநீர்ப்பை அவசரப்படுத்தப் பழகிவிடும்.

கணக்குப் பார்ப்பது

24 மணி நேரத்தில் மொத்தம் 800 மில்லியிலிருந்து 2 லிட்டர் வரை, பகலில் ஏழெட்டுத் தடவை, ராத்திரி அதிகபட்சம் ஒரு தடவை, ஒரு தடவைக்கு 200 முதல் 400 மில்லி. இது பொதுவான அளவு.

எத்தனை தடவை என்பதை மட்டும் எண்ணினால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் 300, 400 என்று போய், மொத்தம் 3 லிட்டரைத் தாண்டுகிறதா? குடித்த பத்தியைப் பாருங்கள். அங்கேயும் அவ்வளவு இருந்தால், சும்மா குடித்தீர்களா, தாகம் தாங்காமல் குடித்தீர்களா என்று யோசியுங்கள். தாகம் என்றால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

மொத்தம் ஒன்றரை லிட்டருக்குள்தான், ஆனால் 80, 100 என்று பதினைந்து தடவை. இது வேறு விஷயம். டீ, காபியில் உள்ள காஃபின் சிறுநீர்ப்பையைச் சீண்டக்கூடியது. கிருமித் தொற்று, ஆண்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல், சிறுநீர்ப்பைக்கு அடியில் உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு.

மது வேறு மாதிரி வேலை செய்யும். தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை அது அடக்கிவிடுவதால், குடித்தவர் எழுந்து எழுந்து போவார், காலையில் நாக்கு வறண்டு கிடக்கும்.

சித்திரை வெயிலில் 3 லிட்டர் குடித்தும் நாலு தடவைதான் போகலாம், மீதி வியர்வை. மார்கழியில் அதில் பாதி குடித்தாலும் அடிக்கடி வரும். அதனால் பக்கத்தின் தலையில் வெயிலா, மழையா, ஏசி அறையா என்று குறித்து வையுங்கள். சிறுநீரின் நிறம் அடர்மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் பலர், கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அப்புறம் நீர்க்கடுப்பு வந்து, சூடு என்று வெந்தயத்தை விழுங்குகிறார்கள். இதைப் பழக்கக் கோளாறு என்று அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். ஒழுங்கான கழிப்பறை கொடுக்க வேண்டியது முதலாளிதான்.

மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒரு வாரம் பாருங்கள். சாயங்கால டீயிலிருந்து தொடங்கலாம். அஞ்சு டீ குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி பிடுங்கும், ஒவ்வொன்றாகக் குறையுங்கள். தண்ணீரைச் சொம்பாகக் கவிழ்க்காமல் டம்ளர் டம்ளராகப் பகலில் பரப்பிக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நிறையக் குடிப்பதை முடித்துக்கொள்ளுங்கள், பருத்திப்பாலும் அதில் சேர்த்திதான். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இதய, சிறுநீரக நோயாளிகள், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை நேரத்தையோ தண்ணீர் அளவையோ மாற்றக் கூடாது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், முக்கியும் வராமல் அடைப்பு என்றால் மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். மற்றபடி பெரியாஸ்பத்திரியோ தெருமுனை கிளினிக்கோ, போகும்போது நோட்டையும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.