சி மொழித் தரநிலையை இலவசமாக எடுத்துப் படிப்பது எப்படி?

சி மொழி கற்கும் எந்த வகுப்பிலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். மெயினுக்கு முன்னால் வாய்டு போடலாமா? இன்ட் என்பது 2 பைட்டா, 4 பைட்டா? ஐ = 5 என்றால் ஐ++ + ++ஐ எவ்வளவு? ஒருவர் பாடப்புத்தகத்தைக் காட்டுவார், இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிக் காட்டுவார். ஆனால் இந்த மூன்றுக்கும் தீர்ப்பு எழுதி வைத்த ஆவணம் ஒன்று இருக்கிறது: சி மொழியின் விதிகளை வகுக்கும் அதிகாரபூர்வத் தரநிலை. அதைக் காசு கொடுக்காமல் எடுக்கலாம். முதலாண்டு மாணவர்கூடத் தனக்கு வேண்டிய பத்தியை அதில் தேடிப் படித்துவிடலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: பதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

சி-க்கு முதலில் 1989-இல் அமெரிக்காவின் ஆன்சி தரநிலை வந்தது. அடுத்த ஆண்டே சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அதை ஏற்று 9899 என்ற எண்ணில் வெளியிட்டது. அந்த எண் இன்றுவரை மாறவில்லை, பின்னால் வரும் ஆண்டுதான் மாறுகிறது. சி99, சி11 இரண்டும் பெயரில் உள்ள ஆண்டிலேயே வந்தன. சி17 என்பது 2018-இலும் சி23 என்பது 2024-இலும் அச்சேறின.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது சி11. இன்று புழக்கத்தில் உள்ள கம்பைலர்கள் பெரும்பாலும் அதை நன்றாகவே புரிந்துகொள்கின்றன. சி17 புதிய வசதி எதையும் சேர்க்கவில்லை, சி11-இன் குறைகளைத்தான் திருத்தியது. அதனால் சி11 படித்தால் சி17-உம் ஏறக்குறைய படித்ததுபோலத்தான்.

படி 2: வரைவை இறக்குங்கள்

ஐஎஸ்ஓ கடையில் இந்த ஆவணத்தின் விலை சுமார் 200 சுவிஸ் பிராங்க். மாணவருக்குக் கட்டுப்படியாகாத தொகை. நல்லவேளையாக, தரநிலையை எழுதும் குழுவான டபிள்யூஜி14 தன் வரைவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முந்தைய கடைசி வரைவும் இறுதிப் பதிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும்.

ஒவ்வொரு வரைவுக்கும் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண் உண்டு. சி11-க்கு என்1570, தேதி ஏப்ரல் 2011. சி99-க்கு என்1256, பின்னால் வந்த மூன்று திருத்தங்களும் அதில் சேர்ந்தே இருக்கும். சி23 வேண்டுமென்றால் என்3220 எடுங்கள். முறைப்படி அது அடுத்த பதிப்பின் முதல் வரைவு, ஆனால் சி23-க்கு மிக நெருக்கமானது. குழுவின் பெயரையும் இந்த எண்ணையும் தேடுபொறியில் தட்டினால் ஓப்பன்-எஸ்டிடி தளத்தில் உள்ள பிடிஎஃப் நேராக வந்துவிடும். அந்தத் தளத்தில் இல்லாமல் வேறெங்கோ கிடைக்கும் கோப்பை எடுக்காதீர்கள். எந்தத் தேதியின் வரைவு என்று தெரியாமல் போய்விடும்.

படி 3: முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

என்1570 ஏறக்குறைய 700 பக்கம். கதைப்புத்தகம்போல முதலிலிருந்து தொடங்கினால் பத்தாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள். பகுதிகள் என்னென்ன என்று மட்டும் முதலில் மனதில் வையுங்கள். 3-ஆம் பகுதி சொற்களுக்கான வரையறை. 4-ஆம் பகுதி இரண்டே பக்கம்தான், ஆனால் மொத்த ஆவணத்துக்கும் அதுதான் சாவி. 5 நிரல் ஓடும் சூழலைப் பற்றியது, 6 மொழி, 7 நூலகம். கடைசியில் பின்னிணைப்புகள் இருக்கும். அதில் 'ஜே' என்ற பின்னிணைப்பு, எங்கெல்லாம் நிரல் தடுமாறக்கூடும் என்பதை ஒரே இடத்தில் பட்டியலிடுகிறது.

6-ஆம் பகுதியில் பெரும்பாலான தலைப்புகள் ஒரே வரிசையில் போகும்: முதலில் இலக்கணம், அடுத்து 'கன்ஸ்ட்ரைன்ட்ஸ்' என்ற கட்டுப்பாடுகள், பிறகு 'செமான்டிக்ஸ்' என்ற பொருள் விளக்கம். கட்டுப்பாட்டை மீறினால் கம்பைலர் ஏதாவது ஒரு செய்தி கொடுத்தே ஆகவேண்டும். பொருள் விளக்கத்தில் உள்ளதை மீறினால் அந்தக் கடமை அதற்கு இல்லை. கம்பைலர் சில தவறுகளுக்குக் கத்துவதும் சில தவறுகளுக்குச் சத்தமே போடாததும் இதனால்தான்.

படி 4: நான்கு சொற்கள்

முதல் சொல் 'ஷல்'. கட்டாயம் என்று பொருள். கட்டுப்பாடுகளுக்கு வெளியே உள்ள ஒரு 'ஷல்'-ஐ மீறினால் அது அன்டிஃபைண்ட் பிஹேவியர் என்று 4-ஆம் பகுதி சொல்கிறது.

மற்ற மூன்றும் 3.4-இல் அருகருகே இருக்கின்றன. இம்ப்ளிமென்டேஷன்-டிஃபைண்ட் என்றால் ஒவ்வொரு கம்பைலரும் தன் விருப்பப்படி செய்யலாம், ஆனால் என்ன செய்கிறது என்பதை ஆவணப்படுத்த வேண்டும். அன்ஸ்பெசிஃபைட் என்றால் பல வழிகளில் ஏதோ ஒன்று நடக்கும், எது என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு ஃபங்ஷனுக்குத் தரும் ஆர்குமென்ட்களில் எது முதலில் கணக்கிடப்படும் என்பது இந்த வகை. அன்டிஃபைண்ட் என்றால் தரநிலை கையைக் கழுவிவிட்டது. எதுவும் நடக்கலாம், சரியான விடைபோலத் தெரியும் ஒன்று வருவதும் அதில் அடக்கம். என் பார்வையில் சி கற்பவர் முதலில் தெளிய வேண்டியது இந்த மூன்றின் வேறுபாட்டைத்தான். பாடப்புத்தகங்கள் பலவும் அதைத் தொடுவதே இல்லை.

படி 5: மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்

முதலில் மெயின். என்1570-இல் 5.1.2.2.1-க்குப் போங்கள். மெயினின் ரிட்டர்ன் டைப் இன்ட் ஆக இருக்கவேண்டும் என்று 'ஷல்' போட்டே எழுதியிருக்கிறது. இரண்டு வடிவங்களையும் காட்டுகிறது: ஆர்குமென்ட் இல்லாதது ஒன்று, இரண்டு ஆர்குமென்ட் உள்ளது ஒன்று. பத்தியின் கடைசியில் ஒரு வால் உண்டு: 'அல்லது இம்ப்ளிமென்டேஷன்-டிஃபைண்ட் ஆன வேறு முறையில்'. ஆக, நம் கல்லூரிகளில் டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்திலிருந்து எழுதிவரும் வாய்டு மெயின், அதை ஏற்பதாகச் சொல்லும் கம்பைலரில் மட்டுமே செல்லும். இன்ட் மெயின் எழுதினால் இந்தக் கவலையே இல்லை. பத்தியை முடிவுவரை படிக்காமல் பாதியில் நிறுத்தியவர்கள்தான் இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள்.

அடுத்து இன்ட். 5.2.4.2.1-இல் இன்ட்டின் உச்ச மதிப்பு குறைந்தது 32767 ஆக இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான். 2 பைட் என்றோ 4 பைட் என்றோ எங்கும் சொல்லவில்லை. டர்போ சி 16-பிட் கம்பைலர், அதனால் அதில் 2. இன்றைய சாதாரணக் கணினிகளில் 4. இரண்டுமே விதிக்குள் அடங்கும்.

ஐ++ + ++ஐ தான் சுவாரசியமானது. 6.5-இன் இரண்டாம் பத்தியைப் பாருங்கள். ஒரே மாறியை முன்பின் வரிசை இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் அது அன்டிஃபைண்ட் என்கிறது. அப்படியானால் தேர்வில் கேட்கும் இந்தக் கேள்விக்கு 12 என்பதும் விடையல்ல, 13 என்பதும் விடையல்ல; விடையே கிடையாது. வெளியீட்டை எழுதச் சொல்லி இதற்கு மதிப்பெண் கொடுப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நீங்களே தேடிப்பாருங்கள். ஸ்கேன்எஃப் படிக்காமல் விட்டுவைக்கும் எழுத்துகளால் வரும் குழப்பத்துக்கு மருந்தாக எஃப்ஃபிளஷ்-க்குள் எஸ்டிடிஇன் (விசைப்பலகை உள்ளீடு) போடச் சொல்வார்கள். 7.21.5.2-இல் வெளியீட்டு ஸ்ட்ரீமுக்கு மட்டுமே அது என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு, உள்ளீட்டு ஸ்ட்ரீமை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், பிரின்ட்எஃப் பற்றித் தேடினால் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். விவரம் முழுக்க எஃப்பிரின்ட்எஃப்-இன் கீழ், 7.21.6.1-இல் உள்ளது.

படி 6: கம்பைலரோடு ஒப்பிடுங்கள்

ஜிசிசி என்ற கம்பைலரில் சி11 பதிப்பைத் தேர்ந்து, எச்சரிக்கைகளைக் காட்டவைக்கும் பெடான்டிக் (-pedantic), வால் (-Wall) ஆகிய இரண்டு விருப்பங்களையும் சேர்த்து மேலே சொன்ன நிரல்களை ஓட்டுங்கள். வாய்டு மெயினுக்கும் ஐ++ + ++ஐ-க்கும் எச்சரிக்கை வரும். எந்த விதியால் அந்த எச்சரிக்கை வந்தது என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

மற்ற மொழிகளுக்கும் வழி இதேதான், சில இடங்களில் இன்னும் எளிது. சி++ வரைவுகளை டபிள்யூஜி21 குழு வெளியிடுகிறது, சி++23-க்கு என்4950. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மா-262 1997-இல் முதலில் வந்தது, அதை எக்மா என்ற தர அமைப்பின் தளத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம். பைத்தானுக்கு ஐஎஸ்ஓ தரநிலை இல்லை, அதன் சொந்தத் தளத்தில் உள்ள மொழிக் கையேடுதான் ஆதாரம்.

படித்ததை யாரிடமாவது எடுத்துக்காட்டும்போது மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வரைவின் எண், பகுதி எண், பத்தி எண். பத்தி எண் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். 'என்1570, 5.1.2.2.1, பத்தி 1' என்று எழுதினால் எதிரில் இருப்பவர் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். வரைவின் எண்ணை விட்டுவிடாதீர்கள். சி23 வரைவில் சில பகுதி எண்கள் மாறிவிட்டன, மெயின் பற்றிய பத்தியும் அவற்றில் ஒன்று.