வீட்டுக்கு ஒரே போன்: பிள்ளை கையில் கொடுக்கும் முன்

காசிமேட்டில் 16 வருடமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இப்போது 22 பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாக்கள் விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து மீன் ஏலம் எடுக்கத் துறைமுகத்துக்குப் போகிறவர்கள். அதனால் இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். அப்பா லாஞ்சில் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எட்டு மணிக்கு மேல் வீட்டில் விழித்திருப்பது பிள்ளையும் போனும்தான்.

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தனி போன் இருக்கும் வீட்டுக்கு எழுதப்பட்டவை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு போன். அதில் இருப்பது அப்பாவின் ஜிமெயில், அப்பாவின் பிறந்த தேதி. ஆக, போனைத் தேய்க்கிற விரல் யாருடையது என்றாலும் போனுக்குத் தெரிந்த வயது 41. பிள்ளைகளுக்கென்று ஆப்களில் இருக்கும் எந்தப் பாதுகாப்பும் அங்கே தானாக வேலை செய்யாது. ஒவ்வொன்றையும் நாம்தான் கையால் போட வேண்டும்.

முதலில் வாட்ஸ்அப். அப்பா இருக்கும் குரூப்களில் வருகிற படம், வீடியோ எல்லாம் தானாக இறங்கி கேலரியில் உட்கார்ந்துவிடும். வீட்டுப்பாடத்தை போட்டோ எடுத்த பிள்ளை அதைத் தேடிக் கேலரியைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான். செட்டிங்ஸில் 'சாட்ஸ்' போய் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்துவிடுங்கள். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்துங்கள். 'பிரைவசி'யில் 'குரூப்ஸ்' என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் முன்பின் தெரியாதவர் குரூப்பில் இழுத்துப்போட முடியாது. அங்கேயே 'கால்ஸ்' உள்ளே போய், தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை ஒலிக்காமல் செய்துவிடலாம். அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் ஆபாசப் படம் ஏதாவது குரூப்பில் வந்தால், "நான் அனுப்பலையே, சும்மா போனில் கிடந்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அப்படி வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தில் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

அடுத்து பிளே ஸ்டோர். உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, 'பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' என்று போனால் வயதுக்கு ஏற்ற ஆப்கள் மட்டும் இறங்கும்படி பின் நம்பர் போட்டுப் பூட்டலாம். பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும்படியும் வைத்துவிடுங்கள். யூடியூபில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' இருக்கிறது. எல்லாவற்றையும் அது தடுக்காது, பிள்ளை நினைத்தால் அணைத்தும் விடலாம். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது அவசியம்.

ஜிபே, போன்பே எல்லாவற்றுக்கும் ஆப் லாக் போடுங்கள். யுபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். கடைக்கு அனுப்பும்போது வசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதனால் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் படித்த ஒன்பதாம் வகுப்புப் பையன். கணக்கு நன்றாகப் போடுவான். ஒரு வாரமாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். யார் போன் அடித்தாலும் திடுக்கிட்டான். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை மட்டும் உட்கார வைத்தேன். கால் மணி நேரம் "அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒரு விளையாட்டில் பழக்கமான 'பெண்' அவனை வேறொரு ஆப்புக்கு வரச் சொல்லியிருக்கிறது. இவனும் படம் அனுப்பியிருக்கிறான். அதற்குப் பிறகு பேசியது ஒரு ஆண். பணம் தராவிட்டால் படம் எல்லாருக்கும் போகும் என்றிருக்கிறான். மீன் எடுக்க அம்மா வைத்திருந்த கணக்கிலிருந்து இரண்டு தவணையாக 3,500 ரூபாய் போயிருந்தது. மூன்றாவது முறை கேட்டது 10,000.

அந்த ஆள் எழுதியிருந்த ஒரு வரி இன்னும் மனதில் நிற்கிறது: "உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவாங்க." பையன் அதை அப்படியே நம்பினான். ஏனென்றால் "இனிமே போனைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று அம்மாவும் தினம் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், பாசமாக வளர்க்கிற அம்மாதான். கோபத்தில் வருகிற வார்த்தை. ஆனால் மிரட்டுகிறவனுக்கு அந்த வார்த்தைதான் மூலதனம்.

அதனால், செட்டிங் எல்லாம் போட்ட அன்றைக்கே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: "போனில் என்ன நடந்தாலும், நீயே தப்பு பண்ணியிருந்தாலும், முதல்ல என்கிட்ட வா. அடிக்க மாட்டேன். போனையும் பிடுங்க மாட்டேன்." எதிரில் உட்கார வைத்து விசாரணை மாதிரி சொல்ல வேண்டாம். மீன் ஆயும்போது, ஷேர் ஆட்டோவில் போகும்போது சொல்லலாம். உங்களிடம் சொல்லக் கூச்சம் என்றால் அத்தையா, சித்தியா, டீச்சரா, யாரிடம் போவது என்று ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பார்க்கும். அன்றைக்கு நீங்கள் கத்தினால் பெரிய விஷயம் உங்களிடம் வராது.

எதைக் கண்டால் உஷாராக வேண்டும் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வது: விளையாட்டில் இலவசமாக டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு மாதிரி) தருகிறேன் என்பவர், வேறு ஆப்புக்கு வா என்பவர், வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர், யாருக்கும் சொல்லாதே என்பவர். ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்துவிட்டு, பையன்களை அப்படியே விட்டுவிடுகிறோம்.

சரி, நடந்தே விட்டது என்றால்? பணம் கட்டாதீர்கள். ஒரு முறை கட்டினால் அடுத்த முறை கூடுதலாகத்தான் கேட்பான். பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் வரிகள், அவனுடைய யூசர் பெயர், போன் நம்பர், யுபிஐ ஐடி, பணம் போன பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், மாமாவுக்கோ டீச்சருக்கோ காட்டுவதற்காகக்கூட. போலீஸ் அந்தப் போனிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை நிறுத்திவைக்க வாய்ப்பு. பிள்ளைக்கு உதவி வேண்டும் என்றால் 1098, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு இல்லை. சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு. குழந்தைகளின் ஆபாசப் படம் பற்றி அங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். படம் பரவிவிடும் என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான மையம் நடத்துவது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து எடுக்கும்.

ஸ்டேஷன் என்றாலே எங்கள் பக்கம் தயக்கம். "பேர் கெட்டுடும் டீச்சர்" என்றுதான் அந்த அம்மாவும் சொன்னார். 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர்தான் வாங்க வேண்டும், அவர் காக்கி உடையில் வரக்கூடாது, இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரும் படமும் வெளியே போகக் கூடாது. 24-ஆம் பிரிவும் 23-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. இவ்வளவையும் விளக்கிய பிறகுதான் அவர் என்னோடு கிளம்பினார். வழி முழுக்கப் பையனின் கையை விடவே இல்லை.

பிள்ளைக்குத் தனி போன் வாங்கிக்கொடுக்கிறவர்கள் கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம்தான். எந்த ஆப் இறங்கலாம், எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். பிறந்த வருடத்தை மட்டும் உண்மையாகப் போட வையுங்கள். 18 வயதுக்குக் கீழே என்று தெரிந்தால்தான் இன்ஸ்டாகிராம் கணக்கைத் தானாகப் பிரைவேட்டாக வைக்கும். 16-க்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோரின் சம்மதமும் கேட்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை 2002 என்று போட்டால் இதெல்லாம் போச்சு.

இரவில் போன் அம்மாவின் தலைமாட்டில் சார்ஜ் ஏறட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பள்ளிக்கும் லீவு, அப்பாக்களும் கரையில். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், செட்டிங் எல்லாம் நானே போட்டுத் தருகிறேன் என்று. பின் நம்பரை மட்டும் அவர்களே போட வேண்டும். அது எனக்கும் தெரியக் கூடாது.