பழைய ஜீப்பில சத்தமா, நடுக்கமா? சாமான் வாங்க முதல் இதுகளைப் பாருங்க

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் தன்ர பழைய லாண்ட் குரூசரைக் கொண்டு வந்தார். 60 தாண்டினா ஸ்டியரிங் கையில நிக்குதில்ல அண்ணா, முன் பெயாரிங் ரெண்டும் போயிட்டுதெண்டு கராஜ் பாஸ் சொல்லிட்டார், பஞ்சிகாவத்தைக்குப் போய் சாமானும் வாங்கிட்டன் எண்டு பையைக் காட்டினார். எப்ப இருந்து இப்பிடி எண்டு கேட்டன். வில்பத்து போய் வந்த பிறகாம். டோர்ச்சை எடுத்துக் குனிஞ்சு ரிம்முக்கு உள்பக்கம் அடிச்சுப் பாத்தா, ஒரு பக்கம் மட்டும் ரெண்டு விரல் தடிப்பில சேறு காஞ்சு செங்கல் மாதிரி ஒட்டியிருக்கு. ஸ்க்ரூ டிரைவரால குத்தி உடைச்சு ஹோஸால அடிச்சுக் கழுவி விட்டம். அடுத்த நாள் அவிசாவளைக்குப் போயிட்டு கோல் எடுத்தார், குலுக்கல் இல்லையாம். பெயாரிங் ரெண்டும் இன்னும் பையிலதான் கிடக்கு.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியாருக்கு திரும்ப விட்டவங்க, அந்த அஞ்சு வருசத்தில பழைய ஜீப் வச்சிருந்த ஆக்கள் எல்லாம் அதையே திருத்தித் திருத்தி ஓடினம், இப்பவும் புதுசு வாங்குற விலையில்ல, அதால கையில இருக்கிறதை ஒழுங்கா வச்சிருக்கிறதுதான் வழி. ஆனா சத்தம் வந்த உடன ஏதோ ஒண்டை ஊகிச்சு வாங்கி மாத்தி, போகாட்டி அடுத்ததை வாங்கி மாத்தி, இப்பிடியே காசு கரைஞ்சு போறதைப் பாக்க எனக்கு உண்மையிலயே மனசு நோகும். சத்தம் எங்க இருந்து வருதெண்டு தேட முதல், அது எதோட சேந்து கூடிக் குறையுது எண்டு பாருங்க. எஞ்சின் சுத்துறதோடயா, சில்லு சுத்துறதோடயா, இல்லாட்டி பள்ளத்தில விழுறதோடயா. இந்த மூண்டில ஒண்டைப் பிடிச்சா அரைவாசி வேலை முடிஞ்சுது.

அதுக்கு வழி லேசு. முதல்ல நிண்ட இடத்தில நியூட்ரல்ல வச்சு எஞ்சினை மெல்ல மெல்லக் கூட்டுங்க. சத்தம் அப்பவே வருதெண்டா எஞ்சின், பெல்ட், கிளச், கியர் பொக்ஸ் முன்பக்கம், அல்லது சேஸிஸில முட்டுற சைலன்சர் பைப். நிண்டா வராது, ஓடினாத்தான் வருதெண்டா, ஞாயிறு விடிய காலியான நேரான ரோட் ஒண்டுக்குக் கொண்டு போங்க, சத்தம் வாற ஸ்பீட்டுக்குக் கொண்டு வந்து நியூட்ரல்ல போட்டு சும்மா உருள விடுங்க. எஞ்சினை மட்டும் நிப்பாட்ட வேணாம், நிப்பாட்டினா பிரேக் கல்லு மாதிரி இறுகும். உருளேக்கயும் சத்தம் அப்பிடியே இருந்தா அது சில்லுல இருந்து டிரான்ஸ்ஃபர் (பலத்தை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரிக்கிற பெட்டி) வரைக்கும் இருக்கிற சாமான் ஒண்டு. ஆரையாவது பக்கத்தில இருத்தி, எந்த ஸ்பீட், எந்த கியர், எக்சலேட்டர் அமத்தேக்கயா விடேக்கயா, நேராவா திருப்பேக்கயா, குளிரிலயா சூடான பிறகா எண்டு எழுதச் சொல்லுங்க. கண்ணாடியை இறக்கி நீட்டு மதில் ஒண்டுக்குப் பக்கத்தால போனா சத்தம் மதில்ல பட்டுத் திரும்பி வரும், இடமா வலமா எண்டும் பிடிபடும்.

நடுக்கம் எண்டா ஒரு சின்னக் கணக்கு இருக்கு, இது எனக்கு ஒரு பழைய பாஸ் சொல்லித் தந்தது. 31 இஞ்சி டயர் ஒருக்கா சுத்தினா ஏறத்தாழ 2.47 மீற்றர் போகும். 60ல ஓடினா செக்கனுக்கு 16.7 மீற்றர், அப்ப சில்லு செக்கனுக்கு 7 தரத்துக்கும் கொஞ்சம் குறையச் சுத்துது. டிஃப் (அக்ஸல் நடுவில இருக்கிற கியர் உருண்டை) ரேஷியோ 4.11 எண்டா, அதுக்குப் பலத்தைக் கொண்டு போற நீட்டுக் குழாய், புரொபெலர் ஷாஃப்ட், அதே நேரத்தில 27, 28 தரம் சுத்தும். அதால எண்ணிப் பாக்கலாம் போல தடக் தடக் எண்டு ஆட்டுற குலுக்கல் சில்லுப் பக்கம், ஃபோன் வைப்ரேட் பண்ணுற மாதிரி பாதத்துக்குக் கீழ விர்ர்ர் எண்டு வாற நடுக்கம் ஷாஃப்ட் அல்லது எஞ்சின். அந்த ரெண்டில எது எண்டு அறிய, ஒரே ஸ்பீட்டில மூண்டாம் கியர்லயும் நாலாம் கியர்லயும் ஓடிப் பாருங்க, நடுக்கம் மாறாம இருந்தா ஷாஃப்ட், கியரோட சேந்து மாறினா எஞ்சின்.

சில்லுப் பக்கம் எண்டா விலையில்லாததுகளை முதல் பாருங்க. ரிம்முக்குள்ள சேறு, சில்லு நட் லூஸா எண்டது (இது டொக் டொக் எண்டு மெதுவா ஓடேக்க கேக்கும், கேட்ட இடத்திலயே நிப்பாட்டி இறுக்குங்க, வீட்ட போய்ப் பாப்பம் எண்டு ஓட வேணாம்), பிறகு டயர். டயர் பக்கவாட்டில ஒரு நாலு இலக்கம் இருக்கும், 2317 எண்டா 2017ம் ஆண்டு 23ம் கிழமை செஞ்சது. ஜீப் கனக்க ஓடாததால பூ தேயாம இருக்கும், ஆனா ரபர் காஞ்சு உள்ள வலை பிரிஞ்சு ஒரு இடம் மட்டும் வீங்கியிருக்கும். கையை வச்சு டயரைச் சுத்தித் தடவினா அந்த வீக்கம் விரலுக்கு விளங்கும். 2022ல டீசல் இல்லாம மாசக்கணக்கா நிண்ட ஜீப்புகள்ல கீழ்ப்பக்கம் தட்டையாப் போன டயரும் கனக்கப் பாத்தன்.

பெயாரிங் எண்டு சந்தேகம் எண்டா ஓடேக்க மெல்ல இடமும் வலமும் வளைச்சுப் பாருங்க. இடப்பக்கம் வளைச்சா பாரம் வலப்பக்கம் போகும், அப்ப இரைச்சல் கூடினா வலப்பக்க பெயாரிங். டயர் இரைச்சல் எண்டா வளைக்கேக்க அவ்வளவு மாறாது, ஆனா கொங்கிரீட் ரோட்டுக்கும் கார்ப்பெட் ரோட்டுக்கும் மாறும். பிறகு முன்பக்கத்தை ஜாக் அடிச்சு ஸ்டாண்ட் வச்சு (சீமெந்துக் கல்லு வைக்க வேண்டவே வேண்டாம், அது ஒரே அடியா வெடிச்சு இறங்கும், கீழ இருக்கிறது உங்கட உயிர்), பின் சில்லுக்கு கட்டை குடுத்து, முன் சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஆரையாவது பிரேக்கை அமத்தச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. பிரேக் அமத்தினதும் ஆட்டம் நிண்டா சில்லு பெயாரிங், நிக்காம இருந்தா அதுக்குப் பின்னால, சில்லு இடம் வலம் திரும்புற அச்சைத் தாங்குற கிங்பின் பெயாரிங். ரெண்டு நிமிச வேலை, ஆனா இதைச் செய்யாம சில்லு பெயாரிங் மாத்தி ஏமாந்த ஆக்கள் கனக்கப் பேர்.

புரொபெலர் ஷாஃப்டில எனக்கே நடந்ததைச் சொல்றன். யூ ஜொயின்ட் (ஷாஃப்ட் முனையில மடங்கிச் சுத்த விடுற சிலுவை மூட்டு) தேஞ்சா முதல்ல மெதுவா ஓடேக்க கிறீச் கிறீச் எண்டு குருவி கத்துற மாதிரி வரும், பிறகு கிளச் விட்டு எடுக்கேக்க டங் எண்டு ஒரு அடி. கீழ படுத்துப் பாத்தா கப் ஓரத்தில செங்கல் தூள் மாதிரி சிவப்புப் பொடி நிக்கும், அது உள்ள கிரீஸ் செத்து ஊசி மாதிரி உருளையள் துருப்பிடிச்சு அரைபடுற அடையாளம், அதைக் கண்டா வேற யோசனை வேணாம், மாத்துங்க. நானும் மாத்தக் குடுத்தன். மாத்தி எடுத்த அண்டைக்கே 50க்கு மேல காலுக்குக் கீழ புதுசா ஒரு நடுக்கம். திரும்பக் கொண்டு போனா டிஃப் போயிட்டுது எண்டு சொல்லி டிஃப்பை இறக்கினாங்க, ரெண்டு கிழமை வாகனம் இல்ல, கூலியும் குடுத்தன், நடுக்கம் அப்பிடியே இருந்துது. கடைசியா நானே கீழ படுத்து ஷாஃப்டை ஒரு முனையில இருந்து மற்ற முனைக்குப் பாத்தன். ரெண்டு முனையிலயும் ஜொயின்டைப் பிடிச்சிருக்கிற கவட்டை ஒரே நேர்ல நிக்க வேணும், என்ரதில ஒண்டு மற்றதுக்குச் சரிஞ்சு நிக்குது. நடுவில பல்லுப் பல்லா இழுபடுற இடத்தில கழட்டி, அடையாளம் வைக்காம பூட்டியிருக்கு, அவ்வளவுதான் விசயம். கவட்டை நேரா இல்லாட்டி ஒரு ஜொயின்ட் உண்டாக்குற ஏற்ற இறக்கத்தை மற்ற ஜொயின்ட் சரிக்கட்டாது, கூட்டித்தான் விடும். கழட்டி நேராப் பூட்ட அரை மணித்தியாலம் போகேல்ல. அதுக்குப் பிறகு ஆர் கழட்டினாலும் முதல்ல நான் டிப்பெக்ஸால ரெண்டு பக்கமும் ஒரு கோடு போடுறன், டிஃப் பக்கத்து ஃபிளேஞ்சிலயும் போடுறன். பின் ஷாஃப்டுக்குத்தான் இந்தக் கதை, சில வாகனங்கள்ல முன் ஷாஃப்ட் கொம்பனியிலயே சரிச்சுத்தான் பூட்டி வரும், அதை நேராக்கப் போக வேணாம்.

டிஃப் சத்தம் எண்டது ஊளை. எக்சலேட்டர் அமத்தேக்க ஊளையிட்டு காலை எடுத்ததும் நிண்டா பெரும்பாலும் கிரவுன் பினியன் பல்லு, காலை எடுத்த பிறகு வந்தா பெரும்பாலும் பினியன் பெயாரிங். இறக்க முதல் ஒயிலைப் பாருங்க. ஒயில் ஊத்துற மேல் நட்டை முதல்ல கழட்டுங்க, அது கழருதெண்டு தெரிஞ்ச பிறகுதான் ஒயில் வடிய விடுற கீழ் நட், இல்லாட்டி ஒயிலை வடிய விட்டுட்டு திரும்ப நிரப்ப வழியில்லாம நிப்பீங்க. கீழ் நட்டில காந்தம் இருந்தா அதில ஒட்டியிருக்கிறதை விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. சாம்பல் நிறத்தில பற்பசை மாதிரி வழுக்கினா அது வழமையான தேய்மானம், பயமில்ல. நகம் மாதிரி தகடோ விரலைக் குத்துற துண்டோ வந்தா உள்ள ஏதோ உடையுது, ஓட வேணாம். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி போயிருக்கு. 2016 மே மாசம் களனி ஆறு பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் எல்லாம் முங்கினப்ப ஆக்களை ஏத்தி இறக்கின ஜீப்புகள்ல பிறகு இதைத்தான் கண்டம். சூடான அக்ஸல் தண்ணிக்குள்ள இறங்கினா உள்ள காத்து சுருங்கி இழுக்கும், மேல இருக்கிற பிரீதர் (காத்துப் போய் வாற சின்னக் குழாய்) சேத்தால அடைபட்டிருந்தா அந்த இழுவை சீலால தண்ணியைக் குடிக்கும். பிரீதரைக் கழட்டி ஊதிப் பாக்கிறதுக்கு ஒரு சதமும் செலவில்ல.

இப்ப சரியான ஆபத்தானது. பள்ளம் ஒண்டில விழுந்து எழும்பினதும் ஸ்டியரிங் இடம் வலமா வெறி பிடிச்ச மாதிரி அடிக்கிறது, முன்னால ரெண்டு சில்லையும் ஒண்டாச் சேர்க்கிற முழு அக்ஸல் இருக்கிற ஜீப்புகள்ல வாறது. வந்தா பிரேக்கை அடிச்சு அமத்த வேணாம், ஸ்டியரிங்கை உறுதியாப் பிடிச்சு எக்சலேட்டரை விட்டு மெல்ல மெல்ல குறையுங்க. இதுக்கு உடன ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமத்துற ஷொக் அப்சோபர்) புதுசு போடச் சொல்லுவாங்க, போட்டா கொஞ்ச நாள் அடங்கும், ஆனா நோய் உள்ளதான் இருக்கும். சில்லு தரையில நிக்க ஒருத்தரை ஸ்டியரிங்கை கொஞ்சமா இடமும் வலமும் ஆட்டச் சொல்லி, நீங்க கீழ படுத்து டை ரொட் (முன் சில்லு ரெண்டையும் சேத்துத் திருப்புற தடி) முனை ஒவ்வொண்டிலயும் விரலை வச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்கு டிக் எண்டு தெரியும். பிறகு கிங்பின், சில்லு பலன்ஸ், ஸ்பிரிங் யூ போல்ட், ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டியிருக்கிற இடத்தில சேஸிஸ் வெடிப்பு. கடற்கரைப் பக்கம் நிக்கிற வாகனம் எண்டா உப்புக்காத்தில அந்த இடம் பெயின்டுக்குக் கீழயே துருவேறும், கம்பி பிரஷ்ஷால உரசிப் பாக்க வேணும்.

முழுக்கத் திருப்பி ஃபோர் வீல்ல போகேக்க டக் டக் டக் எண்டா முன் சில்லுக்குள்ள, திரும்பி இருக்கேக்கயும் சில்லைச் சுத்த விடுற சீவி ஜொயின்ட். இதை மண் தரையில பாருங்க, தார் ரோட்டில ஃபோர் வீல் போட்டுத் திருப்பினா நல்ல ஜீப்பும் இறுகி முறுகிச் சத்தம் போடும், பழைய பார்ட் டைம் ஃபோர் வீல்ல அது இயல்பு. முன் சில்லு நடுவில இருக்கிற ஃபோர் வீல் ஹப்பை லொக்ல விட்டுட்டு மறந்த ஆக்களும் சத்தம் எண்டு வருவினம், அதையும் ஒருக்கா பாத்திடுங்க.

எஞ்சின் பக்கம் சுருக்கமா. நியூட்ரல்ல நிக்கேக்க கிளச்சை அமத்தினா சத்தம் தொடங்குதெண்டா ரிலீஸ் பெயாரிங், அமத்தினா நிக்குதெண்டா கியர் பொக்ஸ் இன்புட் பெயாரிங். பெல்ட் கீச்செண்டா கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க, ஒரு கணம் மாறினா பெல்ட்தான். பழைய டீசல்ல ஒரு சிலிண்டர் மட்டும் தட்டினா, எஞ்சின் ஓடேக்க இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொண்டா கொஞ்சம் தளத்துங்க, எதைத் தளத்தேக்க தட்டல் நிக்குதோ அந்த இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பண்ணக் குடுங்க. துணி சுத்தி, கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான், பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். கொமன் ரெயில் எஞ்சின்ல (புதுசா வந்த, பிரஷர் மிச்சம் கூடின டீசல்) இதை ஒருநாளும் செய்யக் கூடாது. அடியில இருந்து கனமா டொம் டொம் எண்டு பாரம் இழுக்கேக்க வந்து ஒயில் பிரஷரும் இறங்கினா எஞ்சினை நிப்பாட்டி கட்டி இழுத்துக் கொண்டு போங்க.

கராஜுக்குப் போகேக்க பெயாரிங் மாத்துங்க எண்டு சொல்லாம, எழுதின தாளைக் குடுத்து, பாஸ், 55ல தொடங்குது, இடம் வளைச்சா கூடுது எண்டு சொல்லுங்க. நல்ல பாஸ் எண்டா அந்தத் தாளைப் பாத்தே பாதி சொல்லிடுவார். மாத்தின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க. பெயாரிங் எண்டா டீசல்ல கழுவி வெயில்ல பிடிச்சு உருளையளைப் பாருங்க, அம்மைத் தழும்பு மாதிரி பொத்தலோ நீலம் பாஞ்ச நிறமோ இருந்தா சத்தம் அங்க இருந்துதான் வந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கினா அதைத் துடைச்சு கிரீஸ் பூசி எடுத்து வையுங்க, சத்தம் இன்னும் வாகனத்திலதான் இருக்கு.